அறியப்படாத தாய்

(பர்யூஷண விழாவையொட்டிச் சங்கரன்கோவிலில் நடைபெற்ற மகளிர் அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தாய்மையைப் பற்றி விழா மேடையில் பேசுவது எளிது. பொறுமை, தியாகம், அன்பு என்னும் மூன்று சொற்கள் கைவசம் இருந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. இன்று இங்கே பேச எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பவளோ, அந்த மூன்று சொற்களாலும் எவரும் வாழ்த்தாத ஒரு தாய். உறவினர் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுபவள். குழந்தை வீறிட்டு அழும்போது ஒரு கணம் செயலற்று நின்றுவிடுபவள். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு, அடுத்த சொல் தோன்றாமல் சுவரைப் பார்ப்பவள். 'திமிர்' என்பார் ஒருவர். 'கல்நெஞ்சு' என்பார் இன்னொருவர். சற்று இரக்கமுள்ளவர் 'அவள் சுபாவமே அப்படி' என்று சொல்லி விட்டுவிடுவார். ஆட்டிசம் என்னும் சொல் மட்டும் அவளைக் குறித்து எவர் வாயிலிருந்தும் வந்திராது. அது சிறு குழந்தைகளுக்கு, அதிலும் ஆண் குழந்தைகளுக்கு உரியது என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள்.

புரிதலுக்காக அத்தகைய ஒரு பெண்ணை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். கற்பனைப் பெண்தான், பெயர் வேண்டாம். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசை ஓயாத ஒரு தெருவில் அவள் பிறந்து வளர்ந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். சிறுமியாக இருந்தபோது, ராஜபாளையத்துக்கும் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் புறப்படும் பேருந்துகளின் நேரங்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். வாசலில் கோலமிட்டால் ஒரு புள்ளி விலகினாலும் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். சட்டையின் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டு உறுத்துகிறதென்று அழுவாள். 'இதற்கா அழுகை' என்று அடி வாங்குவாள். பள்ளியில் கணக்கில் முதல். தோழி ஒருத்திதான். அந்த ஒருத்தியும் ஊர் மாறிப்போன பிறகு, இடைவேளைகளில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எவரும் பேச்சுக் கொடுக்காதபடி உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

பையனாக இருந்தால் இவ்வளவோடு நின்றிருக்கும். 'படிப்பாளி, அவனை விடுங்கள்' என்று வீடு ஒதுங்கிக்கொண்டிருக்கும். பெண்பிள்ளை என்பதால் திருத்தம் தொடங்கிற்று. 'வந்தவர்களை வாங்க என்று கேள்', 'முகத்தைப் பார்த்துப் பேசு', 'கொஞ்சம் சிரித்த முகமாக இரு'. அவள் கீழ்ப்படிந்தாள். பெரியப்பா மகள் எப்படிச் சிரிக்கிறாள், எப்போது தலையசைக்கிறாள், எந்த இடத்தில் 'அப்படியா அத்தை' என்கிறாள் என்று பாடம் போலக் கவனித்துத் தன் முகத்தில் ஏற்றிக்கொண்டாள். பிறருக்கு இயல்பாக வருவதை அவள் மனனம் செய்தாள். பத்து வயதில் தொடங்கிய இந்தப் பயிற்சி அவளுடைய முப்பதாவது வயதிலும் முடியவில்லை. தொலைபேசியில் ஒருவரை அழைப்பதற்கு முன் என்ன பேச வேண்டும் என்று நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்துக்கொள்கிறாள். புகுந்த வீட்டில் ஓரகத்தியின் பேச்சையும் நடையையும் பார்த்து அதுபோலவே நடக்கப் பார்க்கிறாள். சில நேரம் அளவு மீறிப்போய், தன்னைக் கேலி செய்கிறாள் என்று ஓரகத்தியே வருந்துகிறாள்.

ஆடித்தபசு வருகிறது. ஊரே நிரம்புகிறது, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி, கொட்டு, வாணவேடிக்கை, வீட்டில் வெளியூர் விருந்தினர். மூன்று நாளும் அவள் புன்னகையோடு பரிமாறுகிறாள். நான்காம் நாள் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவள் இரண்டு நாள் எழுந்திருப்பதில்லை. 'விருந்தாளிகள் போன பிறகு வந்த தலைவலி' என்று வீடு சிரிக்கிறது.

சூரியன் மறைவதற்குள் உணவை முடிக்கும் நெறியுள்ள இல்லங்களில் மாலை நேரச் சமையலறை எத்தகையது என்பது இங்குள்ள தாய்மார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினைந்து பேருக்கான உணவு, அடுப்பில் மூன்று பாத்திரங்கள், குக்கரின் விசில், மிக்சியின் இரைச்சல், காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை, அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல், இந்தப் பக்கமிருந்து கணவரின் கேள்வி. இவையெல்லாம் ஒரே உரத்தில் ஒரே நொடியில் அவள் காதில் விழுகின்றன. எது முதன்மையானது, எதைப் பிறகு பார்க்கலாம் என்று பிறருடைய மூளை தானாகப் பிரித்துத் தரும் வேலையை அவளுடைய மூளை செய்து தருவதில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுகிறாள். 'பொறுப்பில்லாதவள்' என்னும் பெயர் அந்த நிமிடத்தில் பிறக்கிறது. அதே பெண் இரவில் கடைக் கணக்கேட்டை எடுத்துவைத்து, மூன்று மாதமாக எவருக்கும் அகப்படாத பன்னிரண்டு ரூபாய்ப் பிழையைக் கண்டுபிடித்துத் தருவாள். அது மறந்துபோகும்.

அவளுடைய மகனுக்கு நான்கு வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. தறிக்கூடத்திலிருந்து எடுத்துவந்த வெற்று நூல் உருளைகளை நிறவாரியாக வரிசை வைத்துக்கொண்டே இருக்கிறான். மருத்துவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். பொருள்களை அடுக்குகிறானா, சில ஒலிகளுக்குக் காதைப் பொத்துகிறானா, ஒரே உணவையே கேட்கிறானா. தாய் திகைத்துப்போய்ச் சொல்கிறாள்: 'எல்லாக் குழந்தைகளும் இப்படித்தானே, டாக்டர்? நானும் இப்படித்தான் இருந்தேன்.'

உலகெங்கும் பல பெண்கள் தம்மைத் தாமே முதன்முதலாக அறிந்துகொண்டது இத்தகைய ஓர் அறையில், தம் குழந்தைக்காக நிரப்பப்பட்ட ஒரு தாளின் வழியாகத்தான். அமெரிக்காவைச் சேர்ந்த லியான் ஹாலிடே வில்லி முனைவர் பட்டம் பெற்றவர், மணமானவர், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். தம் மகளுக்கு ஆட்டிசக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை இருப்பதாக மருத்துவர்கள் சொல்லக் கேட்டபோதுதான், அவர்கள் விவரிப்பது தம்மையும்தான் என்று உணர்ந்தார். 1999இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பை 'இயல்பானவள் போல் நடித்தல்' என்று தமிழில் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் இன்னும் ஒரு தலைமுறை பின்னோக்கிப் பார்த்தவர். அவருடைய தாயார் ஐரோப்பாவின் இனப்படுகொலையில் உயிர் பிழைத்து வந்தவர். அந்தத் தாயின் விநோதமான போக்குகளைக் கண்டு மகள் காலமெல்லாம் எரிச்சலுற்றிருந்தார். பிறகு தமக்கொரு மகள் பிறந்து, அவளிடம் அதே சாயலைக் கண்டபோது, பாட்டி, தாய், பேத்தி என்று ஒரே இழை ஓடுவது அவருக்குப் புலப்பட்டது. அவர் 1998இல் எழுதிய பல்கலைக்கழக ஆய்வேட்டில்தான் நரம்பியல் பன்மை என்னும் கருத்து இடம்பெற்றது. மறு ஆண்டு வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாவது இயல்பாக இருக்கக்கூடாதா என்று ஒருவரைப் பார்த்து மற்றொருவர் கேட்கும் கேள்வியாக அமைந்தது. எத்தனை தமிழ் வீடுகளில் அந்தக் கேள்வி வேறு சொற்களில் ஒலித்திருக்கும்!

இந்தப் பெண்கள் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆட்டிசம் என்னும் சொல்லை 1911இல் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் பிளாய்லர் வேறொரு பொருளில் ஆண்டார். இன்றைய பொருளுக்கு மிக அணுக்கமான விவரிப்பை 1925இல் சோவியத் நாட்டில் குரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் எழுதினார். முதலில் சிறுவர்களைப் பற்றி எழுதியவர், 1927இல் சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். ஒரு பெண் கண்டு எழுதியது பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. உலகம் நினைவில் வைத்தது 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் எழுதிய கட்டுரையையும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரையையும்தான். கேனர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். ஆஸ்பெர்கர் விரிவாக எழுதியது 4 சிறுவர்களைப் பற்றி மட்டுமே.

ஆஸ்பெர்கரின் கட்டுரையில் ஒரு குறிப்பு உண்டு. இந்த நிலையின் முழு வடிவத்தைத் தாம் எந்தச் சிறுமியிடமும் கண்டதில்லை என்று சொன்னவர், குழந்தைகளை அழைத்துவந்த தாய்மார் சிலரிடம் இதே இயல்புகள் தெளிவாகத் தென்பட்டன என்றும் எழுதிவைத்தார். கண்டார், எழுதினார், கடந்து போய்விட்டார். அந்தத் தாய்மார் எப்படி வாழ்ந்தார்கள், வீடு அவர்களை எப்படி நடத்தியது என்று எவரும் கேட்கவில்லை. அந்த ஒரு குறிப்பைப் பின்தொடர்ந்து போயிருந்தால் அரை நூற்றாண்டுக் காலத் துயரத்தில் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

நடந்ததோ நேர்மாறானது. தாய் இனங்காணப்படவில்லை, குற்றவாளி ஆக்கப்பட்டாள். குழந்தைகள் உறைபனிப் பெட்டியில் வைக்கப்பட்டவர்கள் போல வளர்க்கப்பட்டார்கள் என்னும் உவமையை 1949இல் கேனர் எழுதப்போக, 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்னும் பழிச்சொல் பரவிற்று. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அந்தப் பழியை ஊரறிய நிலைநாட்டியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தையாகிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இதன் வேர் உடலின் அமைப்பில் உள்ளதென்று நூலெழுதி மறுத்திருந்தார். 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் கேனரே பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 1977இல் லண்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டென்பது தெளிவாகத் தெரிந்தது. அன்பு குறைந்ததால் எவருக்கும் ஆட்டிசம் வருவதில்லை. தாயிடம் பாசம் தெரியவில்லையே என்று கேட்டவர்கள், தாயும் பிள்ளையும் ஒரே அமைப்பைப் பகிர்ந்துகொண்டவர்களாக இருக்கலாம் என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

குற்றமற்ற தாய் ஒருத்தி வீட்டாரால் தவறாக எடைபோடப்பட்ட கதை இந்த அவைக்குப் புதிதன்று. இங்கிருந்து கோவில்பட்டி போகும் சாலையில், கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களுக்கிடையே அம்பிகா யட்சி சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கிறாள். திதிக்குச் சமைத்த உணவை ஒரு முனிவருக்கு இட்டாள் என்பதற்காகக் கணவனால் இரு குழந்தைகளோடு வெளியேற்றப்பட்டவள் என்று அவளுடைய கதை சொல்லும். அவள் என்ன எண்ணி அதைச் செய்தாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

இனி, இந்த நிலைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைப் பற்றி ஒரு சொல். 'மதியிறுக்கம்' என்கிறார்கள், அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்னும் அடைமொழியும் காணப்படுகிறது. நல்ல எண்ணத்தோடு ஆக்கப்பட்ட சொற்கள்தாம். ஆனாலும் மேலே சொன்ன பெண்ணுக்குப் பொருந்தவில்லை. அடுத்த தெருத் தறி ஒரு நொடி நின்றாலும் அவளுக்குத் தெரியும். குழல்விளக்கின் முனகல் தெரியும்; அடுப்பங்கரையில் மாறிவிட்ட எண்ணெயின் மணம் கூடத்தில் இருக்கும்போதே தெரியும். புற உலகம் அவளுக்குள் அளவுக்கு மீறி வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைத் தாங்குவதில் உள்ள இந்த வேறுபாடு, அமெரிக்க மருத்துவர்களின் வரையறை நூலில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பழைய பெயர்கள் பழைய அறிவிலிருந்து வந்தவை. ஆட்டிசம் என்றே சொல்லிவிடுவது நலம்.

பெண்களிடம் இது அரிது என்னும் எண்ணமும் மெல்ல மாறிவருகிறது. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட கணக்கு. லண்டன் ஆய்வாளர்கள் 2017இல் 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, மூவருக்கு ஒருவர் என்பதே உண்மைக்கு நெருக்கமானது என்றும், பெண் குழந்தைகள் கண்டறியப்படாமல் விடுபடுகிறார்கள் என்றும் எழுதினார்கள். விடுபடுவதற்குக் காரணங்களுள் முதன்மையானது, மேலே சொன்ன மனனம். அதை ஆய்வாளர்கள் மறைத்தல் என்கிறார்கள். மறைத்தலில் தேர்ந்தவளை மருத்துவரும் கண்டுபிடிப்பதில்லை. பதற்றம் என்றோ மனச்சோர்வு என்றோ மாத்திரை எழுதித் தருகிறார். பதற்றமும் சோர்வும் உண்மைதான். இருபது ஆண்டுகள் ஓய்வின்றி வேடம் தாங்கினால் எவருக்குத்தான் சோர்வு வராது? மாத்திரையால் சோர்வு சற்றுத் தணியலாம். வேடத்தைக் கழற்ற அவளுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

இந்தியாவில் இதற்கான சட்டமே பிந்தி வந்தது. தம் மகனுக்காகத் தொடங்கி, 1991இல் தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் அமைப்பை நிறுவியவர் மெர்ரி பரூவா என்னும் தாய். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் ஒன்றாகவும் ஆயிற்று. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் மனநோய் ஒரு தனித் தலைப்பு. ஆட்டிசம் அதன்கீழ் வரவில்லை, வேறொரு தலைப்பின்கீழ் வருகிறது. இந்த வேறுபாட்டைக் குடும்பத்துப் பெரியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் 'பைத்தியம்' என்று ஊர் சொல்லிவிடுமோ என்னும் அச்சத்தால்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு வாசற்படியைத் தாண்டுவதில்லை.

அந்த அச்சத்தின் இன்னொரு முகம் திருமணச் சந்தை. பேரனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தால் அவன் அத்தைக்கு வரன் அமையாது என்பார்கள். தாய்க்கும் அதுவே இருக்கலாம் என்று தெரிந்தால், ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பெண் வீட்டார்மீது பழி எழும். ஆகவே இரு வீடுகளும் சேர்ந்து மௌனம் காக்கின்றன. மருத்துவரின் தாள் பீரோவுக்குள் போகிறது. அதனால் இழப்பு இருவருக்கு. சிறு வயதிலேயே கிடைத்திருக்க வேண்டிய பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் மகனுக்குத் தள்ளிப்போகின்றன. தாய்க்கோ, தன்னைப் பற்றித் தானே முதன்முறையாகப் புரிந்துகொண்ட ஒன்றை ஒருவரிடமும் சொல்ல முடியாத நிலை. இரண்டாவது இழப்பை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

இத்தகைய பெண் நல்ல தாயாக இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தையை அவளிடமிருந்து பிரித்துப் பாட்டியிடம் ஒப்படைத்துவிடுபவர்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆட்டிசமுள்ள தாய்மார் 350 பேருக்கு மேல் தம் அனுபவங்களைச் சொன்னார்கள். பேறுகாலத்தை ஒட்டிய மனச்சோர்வு அவர்களிடம் மற்றத் தாய்மாரைவிட மிகுந்திருந்தது. ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிப்பதும், வீட்டுப் பொறுப்புகளைச் சமாளிப்பதும், பிள்ளையைப் பிறரோடு பழக வைப்பதும் அவர்களுக்குக் கடினமாக இருந்தன. பிள்ளையைப் பற்றி மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ பேச வேண்டிய நேரத்தில் வாயடைத்துப்போவதாகவும், தம்மைப் பிறர் தவறாக எடைபோடுவதாகவும் சொன்னார்கள். பிள்ளையின் தேவையைத் தம் தேவைக்கு முன்னால் வைப்பதில் மட்டும் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்களாக இல்லை.

ஒரு நுட்பமும் உண்டு. ஆட்டிசமுள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று சொல்லப்பட்டு வந்தது. தாமும் ஆட்டிசமுள்ளவரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 2012இல் அதைத் திருப்பிக் கேட்டார்: மற்றவர்களுக்கு ஆட்டிசமுள்ளவரின் மனம் புரிகிறதா? புரியாமை இருபுறமும் இருக்க, குறை ஒருபுறத்தின்மேல் மட்டும் ஏற்றப்படுகிறது என்பது அவர் கருத்து. நூல் உருளைகளை அடுக்கும் அந்தச் சிறுவனின் அருகில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், அடுத்து வைக்க வேண்டிய நிறத்தை எடுத்து நீட்டத் தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான். அவள் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், பேசாதிருக்கும் மருமகள் எல்லோருக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடக்கூடாது. வாய் திறந்தால் ஏச்சு விழும் என்பதால் பேசாதிருக்கும் பெண்கள் உண்டு. பிறந்த வீட்டுத் துயரத்தைச் சுமப்பவர்கள் உண்டு. காது சரியாகக் கேளாதவர்களும் தைராய்டுக் குறையால் சோர்ந்திருப்பவர்களும் உண்டு. வீட்டின் கொடுமையால் ஊமையானவளை ஆட்டிசம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது முன்னதைவிடப் பெரிய அநீதி. சிறு வயது முதல் தொடர்ந்து வருகிறதா, எல்லா இடங்களிலும் இருக்கிறதா, ஓசைக்கும் ஒளிக்கும் மாற்றத்துக்கும் உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்றெல்லாம் பயிற்சி பெற்றவர் பொறுமையாகக் கேட்டறிந்தே சொல்ல வேண்டும். நாட்டில் பயன்படும் 40 கூறுகள் கொண்ட மதிப்பீட்டு அளவுகோலும் பெரும்பாலும் இளம் வயதினரை மனத்தில் வைத்தே ஆக்கப்பட்டது. வளர்ந்த பெண்ணைப் பார்த்துச் சொல்லும் அனுபவம் எல்லா மருத்துவருக்கும் இராது. ஒருவர் 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறாயே, உனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னால், இன்னொருவரை நாடுவதில் தவறில்லை. போகும்போது சிறுவயது நினைவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது உதவும். அங்கே போய் வாயடைத்துப்போனாலும் தாள் பேசும்.

தொலைவு ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத் துறை உண்டு. 14416 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. குழந்தைகளைப் பொறுத்தவரை, தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் தொடக்கநிலைப் பயிற்சிகளைக் கிராமங்கள் வரை கொண்டு போயிருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஓர் இளைஞர் சொந்த ஊருக்குத் திரும்பி ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பணி அது.

ஆயினும் சான்றிதழ் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாதவை பல உள்ளன. அவற்றுக்குச் செலவும் இல்லை. விருந்தினர் வருவதை முன்கூட்டியே, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எப்போது போவார்கள் என்று சொல்லிவிடலாம். 'கொஞ்சம் பார்த்துக்கொள்' என்பதற்குப் பதிலாக, 'ஐந்து மணிக்குப் பாலை இறக்கிவை' என்று சொல்லலாம். மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒன்று முடிந்தபின் மற்றொன்றைச் சொல்லலாம். பிள்ளை பெற்ற வீட்டில் பார்க்க வருபவர்களை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்கலாம். அந்த நேரத்தில் தொடுகையும் அழுகுரலும் அவளைப் படுத்தும் பாடு சொல்லில் அடங்காது. குக்கர் விசிலுக்கு முன் பஞ்சு வைத்துக்கொள்கிறாள் என்றால் சிரிக்காதிருக்கலாம். கடைக் கணக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று வரவேற்கும் வேலையை விருப்பமுள்ள இன்னொருத்தியிடம் கொடுக்கலாம். திருமண வீட்டில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் புறப்பட்டால், கணவர் கூட எழுந்து போகலாம். 'அவளுக்கு முடியவில்லை' என்று பொய் சொல்லத் தேவையில்லை, 'இவ்வளவு நேரம்தான் அவளால் இருக்க முடியும்' என்று சொன்னால் போதும்.

மாமியார்களைப் பற்றித் தனியாக ஒன்று. இந்தச் செய்தி தெரிந்தபின் மனம் மிக நோகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே. பத்து ஆண்டுகள் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். சிலருக்கு அதைவிட விநோதமான ஒன்றும் நேர்கிறது: மருமகளைப் பற்றி மருத்துவர் விவரிக்கக் கேட்டுக்கொண்டே வரும்போது, மறைந்துபோன தம் தாயாரோ, மணமாகாமல் மாடியறையில் காலம் கழித்த சித்தியோ கண்முன் வந்து நிற்பார்கள். அந்தச் சித்தியையும் ஊர் திமிர் பிடித்தவள் என்றுதான் சொல்லியிருக்கும்.

உரை முடிந்தவுடன் மேளமும் பஜனையும் தொடங்கவிருக்கின்றன. ஒலி மிகுந்திருக்கும். மண்டபத்தின் பின்கட்டில், பாத்திர அறைக்கு அடுத்த சிறிய அறை திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. விளக்கு அணைக்கப்பட்டு, மின்விசிறி மட்டும் மெதுவாகச் சுழல்கிறது. தரையில் பாய் விரித்திருக்கிறது. ஒரு குடம் காய்ச்சி ஆறிய நீர் வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டியவர்கள் வேண்டிய நேரம் அங்கே போய் உட்காரலாம், குழந்தையோடும் போகலாம். திரும்பி வருபவரிடம் எங்கே போனாய், என்ன ஆயிற்று என்று எவரும் கேட்க வேண்டாம் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.